வலது ஓரத்தை மூடிய ஊர்

போனின் ஓரத்தில் பெருவிரலை வைத்து உள்ளே இழுத்தால் முந்தின பக்கத்துக்குப் போய்விடும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், தவழ்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் சுளகின் ஓரத்தில் வைத்து இழுத்தால் என்ன ஆகும் என்று கூவைக்குளத்துக்காரர்கள் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டால் ஒருத்தரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். "எந்த ஓரம்? வலதா, இடதா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஏனென்றால் அந்த ஊரில் அது மழை பெய்கிற மாதிரி, கரண்ட் போகிற மாதிரி ஒரு சங்கதி.

கூவைக்குளத்தில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது பீடி சுற்றுவாள். மடியில் சுளகு, அதாவது முறம், அதில் வெட்டிய இலையும் தூளும், எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில் சீரியல். கண் சீரியலில் இருக்கும், கை தன்பாட்டுக்கு இலையை எடுக்கும், தூளை அள்ளும், உருட்டும், வலது பெருவிரலால் நுனியை ஓரத்திலிருந்து உள்ளே மடக்கும், நூலைச் சுற்றும், அடுத்த இலைக்குப் போகும். ஆனால் போனை நகர்த்தும்போதெல்லாம் உள்ளங்கை திரையின் அடியிலிருந்த மூன்று பட்டன்களில் ஏதோ ஒன்றில் பட்டு, மாமியார் மருமகள் கையைப் பிடிக்கிற அந்த நேரம் பார்த்துப் படம் ஓடிப்போய்விடும். இது பெரிய ரோதனையாக இருந்தது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவுடை ஊரிலுள்ள போன்களையெல்லாம் வாங்கி, பட்டன்களை எடுத்துவிட்டு, ஓரத்தில் இழுத்தால் பின்னால் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தாள். ஆவுடை சுரண்டையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள், இருபத்துமூன்று வயது, வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். முதலில் தன் அண்ணன் பெண்டாட்டி முப்பிடாதியின் போனில்தான் செய்தாள், இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள். பீடி சுற்றித் தேய்ந்த விரலைப் போன் மதிக்கவில்லை. நாலு தரம் இழுத்தால் ஒரு தரம் போனது. செட்டிங்கில் இடது ஓரத்துக்கு ஒரு கோடு, வலது ஓரத்துக்கு ஒரு கோடு, குறைவு என்றும் அதிகம் என்றும் போட்டிருந்தது. ஆவுடை இரண்டையும் அதிகத்தின் கடைசிக்குத் தள்ளினாள். அப்புறம் வரிசையாக நூற்றுப்பதினாலு போனிலும் அப்படியே தள்ளினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

மறுநாள் காலையில் சந்தனமாரி சுளகை மடியில் வைத்தாள். ஒரு பீடி சுற்றினாள். இரண்டாவதைச் சுற்றி, பெருவிரலால் நுனியை ஓரத்திலிருந்து உள்ளே மடக்கினாள். முதல் பீடி தானாக அவிழ்ந்து, நூல் உருண்டைக்குப் போய், தூள் குவியலுக்குப் போய், இலை ஈரத்தோடு இலைக்கட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை, சீரியல் நல்ல கட்டத்தில் இருந்தது. மத்தியானம் பார்த்தால் சுளகில் ஒரே ஒரு பீடி கிடந்தது. எதிர்வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள், அங்கேயும் ஒன்று. தெரு முழுக்க ஆளுக்கு ஒன்று.

"ஏட்டி ஆவுடை, என்னத்தட்டி வச்சுக் குடுத்த? அவிழுதுல்லா!" என்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினவளைப் பிடித்துக்கொண்டார்கள், ரீசார்ஜ் ஏறவில்லை என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார்கள். ஆவுடையும், "அதிகமா வச்சிட்டேன் போல, பார்ப்போம்" என்றுதான் சொன்னாள்.

பார்த்துப் பார்த்து நாலு நாளில் ஊருக்கு முறை பிடிபட்டது. தன் கை செய்தது மட்டும்தான் திரும்பும், அடுத்தவள் கை செய்தது திரும்பாது. கடைசியாகச் செய்தது முதலில் திரும்பும், நடுவில் ஒன்றை உருவ முடியாது. வாய் பேசியது திரும்பாது. இழுத்த இழுப்பு கணக்கில் வராது, போனிலும் அப்படித்தானே. ரேஷன் கடை மெஷினுக்கு எந்த விரல் அடையாளம் தெரியவில்லையோ அந்த விரலுக்குத்தான் இது வாய்த்தது. ரேகை உள்ள ஆம்பிளைகள் கதவிலும் கட்டிலிலும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

குழம்பில் கூடிப்போன உப்பு கைக்கு வந்தது, அதை மறுபடியும் டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். கோணலாக வந்த கோலம் புள்ளி புள்ளியாகக் கிண்ணத்துக்குள் ஏறியது. சந்தனமாரி கோபத்தில் மகளை அறைந்துவிட்டு, பாவமாகிப் போய்க் கதவோரத்தில் இழுத்தாள்; அறை உள்ளங்கைக்குள் வந்து சேர்ந்துவிட்டது, கன்னத்துச் சிவப்பும் போய்விட்டது, பிள்ளையின் அழுகை மட்டும் நிற்கவில்லை. வார்டு மெம்பருக்கு ஓட்டுப் போட்ட ஒருத்தி, "குத்துன முத்திரைய எடுக்கணும்னா எத்தனை இழுக்கணும்ட்டி?" என்று மெம்பர் காதில் விழுகிற மாதிரியே கேட்டாள். இரண்டு வாரத்தில் எல்லாம் பழகிப்போனது.

பழகாதவர் ஒருத்தர்தான், பீடிக்கடை நயினார். கடையில் அடுக்கிய கட்டுகள், எவளோ ஒருத்தி வீட்டில் கை தவறி ஓரத்தை இழுத்துக்கொண்டே போனதில், அவர் கண் முன்னாலேயே அவிழ்ந்து இலையாகவும் தூளாகவும் பறந்து வாசல் வழியே போயின. "நான் நடத்துதது பீடிக்கடையா, பட்டம் விடுத இடமா?" என்று கத்தினார். "ஆவுடையைக் கூப்புடு. ஆளுக்காள் ஒரு முறை வேண்டாம். ஊருக்கு ஒரே செட்டிங்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீடிக்கடை வாசலில் போனும் கையுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மடக்குகிற விரல் வலது, ஆகவே வலது ஓரத்தை அடியோடு மூடிவிடுவது. இடது ஓரம் பாதி அளவில் இருக்கட்டும், உப்பு புளிக்கு உதவும். இதுதான் தீர்மானம். ஆவுடை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாக மாற்றினாள்.

"எனக்கு ரெண்டு பக்கத்தையும் மூடிரு," என்றாள் குருவம்மா. "நான் செஞ்சது எல்லாம் சரிதான், எனக்குத் திருப்ப ஒண்ணுமில்ல."

"பின்னால உன் மருமக நிக்கா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லு," என்றாள் சந்தனமாரி. வரிசையே சிரித்தது.

அப்புறம் முப்பிடாதியின் முறை வந்தது. இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்து போனை நீட்டினாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது, யாரோ கையால் பொத்தின மாதிரி. ஆவுடை போனை வாங்கினாள். திரையைத் தொடவில்லை. சேலைத் தலைப்பால் அதிலிருந்த தூளைத் துடைத்து மதினியின் கையிலேயே திருப்பி வைத்தாள். "அடுத்து யாரு?" என்றாள். வரிசையில் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பதினோரு மாதத்துக்கு முன்னால், முப்பிடாதி ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, அவள் புருஷன் வெயிலுமுத்து தண்ணீர் மோட்டாருக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். பின்பக்கத்திலிருந்து "ஆச்சு" என்று ஒரு சத்தம் கேட்டதாக அவளுக்குப் பட்டது. அவள் பெருவிரலால் சுவிட்சை அமுக்கினாள். அவ்வளவுதான். அவன் "ஆச்சு" என்று சொன்னானா, சொல்லவில்லையா, அதைச் சொல்ல ஆளில்லை.

அன்றைக்கு அந்தப் பெருவிரல் மரத்துப்போனது. பதினாறாம் நாளுக்குள் மணிக்கட்டு மரத்தது, பிரசவத்துக்கு முன்னால் தோள் மரத்தது, பிள்ளை பிறந்தபோது நர்ஸம்மா "சத்தம் போடும்மா, வலிச்சா சத்தம் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், இவள் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். கஞ்சி கொதிக்கிறதா ஆறிவிட்டதா என்று நாக்குக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள், தன்ஷிகா என்று; இவள் அதன் காதில் மூன்று தடவை சொன்னாள், சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். அழவும் இல்லை. வீட்டு வேலையில் குறை வைக்கவில்லை, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடியில் ஒன்று குறையவில்லை, யாராவது சிரித்தால் கூடவே வாயை விரித்தாள். ஊரில் ஒருத்தர்கூட "நீதான் அமுக்கினே" என்று சொன்னதில்லை. ஆவுடையும் சொன்னதில்லை. ஆவுடை சொல்லாதது வீட்டில் ஒரு பீரோ மாதிரி நின்றது. அதைச் சுற்றித்தான் இரண்டு பேரும் நடந்தார்கள்.

இரண்டு ஓரமும் முழுசாகத் திறந்த போனை வைத்துக்கொண்டு முப்பிடாதியால் பீடி சுற்ற முடியவில்லை, ஒன்றை மடக்கினால் ஒன்று அவிழ்ந்தது. ஊர் அதற்கும் வழி பண்ணியது. சாயங்காலம் பீடிக்கடைக்குப் போகிற பெண்கள் ஆளுக்கொரு பீடிக்கட்டை அவள் பேரில் வைத்தார்கள். நயினார் அவள் அட்டையில் எழுதிக்கொண்டார். கட்டு வைத்தவர்கள் எல்லாரும் போகிற போக்கில் அவள் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள், அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

பத்து நாள் கழித்து ஆவுடை துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்: "மதினி, பிள்ளையப் பெத்தது கையா?"

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லைல்லா? கை செஞ்சதுதான் திரும்பும். பிள்ளை கைவேலை இல்ல. அதனால பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. நான் நல்லா யோசிச்சிட்டேன்." ஈரச் சேலையை உதறினாள். "சுவிட்ச அமுக்குனது கை."

"பதினோரு மாசம்லா ஆவுடை."

"ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துதவளுக்கு இழுக்கவா தெரியாது?" என்றது சந்தனமாரியின் குரல், மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "என்ன, ரெண்டு லட்சமோ மூணு லட்சமோ. இழுத்துப் போடு முப்பிடாதி. நாங்க இருக்கோம்."

முப்பிடாதிக்கு ஆசையும் வரவில்லை, பயமும் வரவில்லை. ஆவுடையின் முகம் அன்றைக்குத்தான் பதினோரு மாதத்தில் முதல்முறையாகத் தன்னை நேராகப் பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது. "சரி," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தாள். ஆவுடை கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். முப்பிடாதியின் கை புதிதாக ஒரு வேலையும் செய்துவிடக் கூடாது, செய்தால் அதையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும். ஆகவே சோறு ஊட்டினது ஆவுடை, தலை வாரினது ஆவுடை, சேலை கட்டிவிட்டது ஆவுடை, பிள்ளைக்குப் பவுடர் பால் கலக்கிக் கொடுத்ததும் ஆவுடை. முப்பிடாதி வெறும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலை ஓரத்தில் வைத்து உள்ளே இழுத்தாள், இழுத்தாள், இழுத்தாள். துவைத்த துணிகள் அழுக்காகிக் கொடியிலிருந்து இறங்கி மூலைக்கு வந்தன. தேய்த்த பாத்திரங்களில் நேற்றைய சாம்பார் ஏறியது. பெருக்கின குப்பை கதவிடுக்கு வழியே வீட்டுக்குள் நடந்து வந்தது. பீடிகள் வந்தன, கடையிலிருந்து வந்தன, லாரியிலிருந்து வந்தன, எங்கோ தூரத்து ஊரில் யாரோ ஒருவன் பற்றவைக்கப் போன நேரத்தில் அவன் உதட்டிலிருந்தும் கிளம்பி வந்தன, வந்து அவள் முன்னால் அவிழ்ந்தன. வீட்டில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள், ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. தும்மிக்கொண்டே பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எந்த மாசம் நடக்கு?"

"சித்திரை தாண்டிட்டா."

"நல்லா வேகமாத்தான் போறா. எங்க கட்ட நயினார் கழிச்சுப் போடாம இருக்கணும்னா இவ கைதான் வேணும்."

நயினார்கூட வந்தார். தன் கடைக்குத் திரும்பாத இலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வாசலில் ஒரு நிமிஷம் செருப்பைக் கழற்றி நின்றுவிட்டுப் போனார். வெயிலுமுத்து வந்தால் எந்தச் சட்டையில் வருவான் என்று தெருவில் பேச்சு நடந்தது. அன்றைக்குப் போட்டிருந்த ஊதாச் சட்டைதான் என்று முடிவானது. ஆவுடை அண்ணனுடைய கைலியைத் துவைத்து மடித்து வைத்தாள்.

முப்பிடாதி எண்ணவில்லை. விரல் மரத்திருந்ததால் தோல் உரிந்ததும் தெரியவில்லை. மார்பில் ரவிக்கை நனைந்ததும் முதலில் தெரியவில்லை. ஆவுடைதான் வேறு ரவிக்கை மாற்றிவிட்டாள், ஒரு நாளைக்கு ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு. "வேர்வை மதினி, வெக்கை," என்றாள். முப்பிடாதியும் வேர்வை என்றே நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், பிள்ளைக்கு மூன்று மாதமாக இருந்தபோது செய்த வேலைகளில் கை நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்தது திரும்பி வந்து கிண்ணத்தில் நிறைந்தது. அடுத்த இழுப்பில் மார்புக்குள் என்னவோ ஏறி இறுகியது. அதே நேரத்தில் மூலையில் ஆவுடையின் மடியில் கிடந்த பிள்ளை, வாயை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லாமல் அழுதது.

முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் அரைஞாண் கயிறு இடுப்பில் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது, அதை அவள் போட்டதில்லை. பக்கத்தில் இன்னொரு முடிச்சு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இளகி இளகி விழுகிற கயிற்றை யாரோ இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் சுருக்கி இறுக்கியிருக்கிறார்கள். ஏழு மாதப் பிள்ளையின் முகத்தில் கண் மட்டும் ஏழு மாதத்துக்கு இருந்தது.

பிள்ளையைப் பெற்றது கை இல்லைதான். ஆனால் அழும்போதெல்லாம் வாரி எடுத்தது கை, தலையைத் தாங்கி மார்பில் சேர்த்தது கை. ஒவ்வொரு இழுப்பிலும் குடித்த பால் குடித்த இடத்துக்கே வந்துகொண்டிருந்தது. அதை ஊரில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஒருத்தி மட்டும் மூன்று முடிச்சுக்கு முன்னாலேயே யோசித்திருந்தாள்.

ஆவுடை பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "பவுடர் பால் குடுக்கேம்லா மதினி," என்றாள். "நேரம் தவறாம குடுக்கேன். அவ குடிக்கவும் செய்யுதா." அப்புறம் வேகமாக, "நாலு மாசம் வந்தாச்சு. இன்னும் ஏழு மாசந்தான். நீ இழு. அண்ணன் வந்துட்டா அவன் இவளைத் தேத்திருவான். அவனுக்குப் பிள்ளைன்னா உசுரு, உனக்குத் தெரியாதா?"

"எத்தனை நாளாட்டி தெரியும் உனக்கு?"

ஆவுடை பிள்ளையின் மேல் குனிந்துகொண்டாள். கண்ணிலிருந்து நீர் பிள்ளையின் தலையில் சொட்டியது. "ஒரே ஒரு தடவைதானே அமுக்கினே," என்றாள். பதினோரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "ஒரு தடவை, மதினி. நீ ஒரு சத்தம் குடுத்துக் கேட்டிருக்கலாம்லா. ஆச்சான்னு ஒரு சத்தம்."

ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சந்தனமாரி தலையை எடுத்துக்கொண்டாள். தெருவில் யாரோ யாரையோ "சும்மா இரு" என்று அடக்குவது கேட்டது.

"கேட்டிருக்கலாம்," என்றாள் முப்பிடாதி.

விரல் சுளகின் ஓரத்திலேயே இருந்தது. அந்தப் பக்கம் இரண்டு லட்சம் இழுப்புக்கு அப்பால் வெயிலுமுத்து ஊதாச் சட்டையில் ஒயரும் கையுமாகக் குனிந்திருந்தான், அவள் இழுத்தால் நிமிர்ந்து திரும்புவான், அது நிச்சயம், ஊரில் யாருக்கும் அதில் சந்தேகமில்லை. இந்தப் பக்கம் நாலு முழத் தூரத்தில் பிள்ளை சத்தமில்லாமல் அழுதது. முப்பிடாதி அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். முகம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது, முதலில் அது என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை, எங்கோ தூரத்தில் யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் பக்கத்தில் வந்தது, அப்புறம் இரண்டு மார்பிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, அக்குள் வரைக்கும், முதுகு வரைக்கும், பல்லைக் கடிக்கிற அளவுக்கு வந்தது. நாலு மாதப் பால் அத்தனையும் அங்கேதான் நின்றது.

அவள் சுளகை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். இழுக்க வேண்டிய கணக்கில் ஒரு கை வேலை கூடியது. இனி வெயிலுமுத்து ஒரு இழுப்பு தூரம் தள்ளி. இலைக் குவியலைத் தாண்டி, தூளில் கால் புதைய நடந்து, ஆவுடையின் எதிரே போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். இன்னொரு இழுப்பு தூரம்.

ஆவுடை பிள்ளையை விடவில்லை. தலையை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். "அண்ணன்…" என்றாள்.

"நான்தான் அமுக்கினேன், ஆவுடை. இந்தக் கைதான்," என்றாள் முப்பிடாதி. நீட்டின கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நீ என்னை நாளைக்கும் கேளு, நாளன்னைக்கும் கேளு, தெருவுல நின்னு கேளு. பால் கட்டி வலிக்குட்டி. பிள்ளையக் குடு, தாயி."